வேம்புக்கு ஒரு நியாயம், தென்னைக்கு ஒரு நியாயமா?

கேள்வி: எங்கள் வேப்பமரத்தில் மாடு கட்டிய கயிறு உரசி உரசி, அடிப்பட்டை சுற்றிலும் கழன்றுவிட்டது. மூன்று மாதமாகியும் தழை பசுமையாகவே இருக்கிறது. ஆனால் இனி பிழைக்காது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். தென்னையில் படி வெட்டி ஏறுகிறோமே, அது மட்டும் ஏன் சாவதில்லை?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரத்துக்குள் இரண்டு பாதைகள் உண்டு. வேர் உறிஞ்சிய நீரும் அதில் கரைந்த உப்புகளும் பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டை வழியாக ஏறுகின்றன. பாடப்புத்தகம் இதைச் சைலம் என்கிறது. இந்தக் குழாய்கள் உயிரற்ற செல்களால் ஆனவை. நீரைத் தள்ளிவிட அங்கே மோட்டார் எதுவும் இல்லை. இலைத்துளைகளில் நீர் ஆவியாக ஆக, அறுபடாத நீர்த்தாரை மேலே இழுபடுகிறது.

இலை சமைத்த சர்க்கரையோ, பட்டையின் உட்புறத்தை ஒட்டிய புளோயம் வழியாக இறங்குகிறது. கயிறு அறுத்தது இந்தப் பாதையைத்தான். இலைக்குத் தண்ணீர் கிடைக்கிறது, அதனால் பசுமை. வேருக்கோ பட்டினி. சேமித்த மாவுச்சத்து தீர்ந்ததும் வேர் சாகும். பிறகுதான் தழை வாடும்.

17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய மருத்துவர் மால்பீகி, பட்டையை வளையமாக நீக்கினால் அதற்கு மேலே மரம் புடைப்பதைக் கண்டார். இறங்க வழியில்லாமல் உணவு அங்கே தேங்குகிறது. மாதுளையில் விண்பதியம் போடும்போது கிளைப்பட்டையை வளையமாக எடுப்பதும் இதற்காகத்தான். தேங்கிய உணவைக் கொண்டே அங்கு வேர் விடுகிறது.

தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கற்றையிலும் இரு பாதைகளும் உண்டு. படி வெட்டும்போது சில அறுபட்டாலும் மற்றவை வேலை செய்யும். ஆனால் அந்தக் காயம் ஒருநாளும் மூடாது. சிவப்புக் கூன்வண்டு முட்டையிட அது வாசலாகிவிடும். எனவே படி வெட்டாமல் ஏறும் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

முதலில் மாட்டை வேறிடத்தில் கட்டுங்கள். காயத்தைச் சுற்றிப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஒரு கீற்றுப் பட்டையாவது இருந்தால் நம்பிக்கை உண்டு. காயத்துக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிடாதீர்கள். இனி வேருக்குச் சோறு போடப்போவது அதுதான்.