உள்ளே இருக்கும் சாரதி யார்?

“என்னால் ஏலாது.” இச்சொல்லைப் பிறரிடம் சொல்வதிலும் பார்க்க எமக்குள்ளேயே சொல்லிக்கொள்வதுதான் அதிகம். பரீட்சைக்குப் போகும் பிள்ளையும், தொழில் தொடங்க எண்ணும் இளைஞனும், தனித்துக் குடும்பம் சுமக்கும் தாயும் இதைச் சொல்லிச் சொல்லியே தளர்ந்து போகின்றனர்.

மகாபாரதத்திலே இரு சாரதிகளைக் காண்கிறோம். பதினேழாம் நாட் போரில் கர்ணனின் தேரைச் செலுத்தியவன் மத்திர நாட்டு மன்னன் சல்லியன். கர்ணனின் ஊக்கத்தைக் குலைப்பதாக அவன் தருமருக்கு முன்னரே வாக்களித்திருந்தான். அன்னத்தோடு போட்டியிட்டுப் பறந்து, கடலின் மேல் களைத்து விழுந்த காகத்தின் கதையைக் கூறி, அருச்சுனன் முன் நீயும் அக்காகமே என இகழ்ந்தான். கர்ணன் வில்லிலே குறைந்தவன் அல்லன். ஆயினும் எதிரியோடு மட்டுமன்றி, தன் தேரிலிருந்தே மனதை அரித்த குரலோடும் அவன் போராட வேண்டியிருந்தது.

முதல் நாளிலே அருச்சுனனும் தளர்ந்தான். காண்டீபம் நழுவியது, தேர்த்தட்டிலே அமர்ந்துவிட்டான். கீதையின் முதல் அத்தியாயம் இத்தளர்வையே கூறுகிறது. கண்ணபிரான் அவன் சொன்னதையெல்லாம் கேட்டார். பின்னர் அவனது ஐயங்களுக்கு விடையளித்து, பயனில் பற்று வையாது கடமையைச் செய்யுமாறு வழிகாட்டினார். ஒருவனுக்கு அவன் மனமே நண்பனும் பகைவனும் ஆகும் என்ற உண்மையை ஆறாம் அத்தியாயத்தில் உணர்த்தினார். ஆகவே சல்லியனும் கண்ணனும் எமது மனத்தேரிலும் ஏறக்கூடியவர்களே.

2008இல் இடம்பெயர்ந்த எம்மவர்கள் 2009இன் பிற்பகுதி தொடக்கம் துணுக்காய்ப் பகுதிக்கு மீளத் திரும்பினர். கூரையற்ற வீட்டையும் தூர்ந்த கிணற்றையும் கண்டு, “இந்த வயதில் இனி ஏலாது” என நான் இருந்துவிட்டேன். “வீட்டைப் பிறகு பார்ப்பம். முதல்ல கிணத்தை இறைப்பம்” என்றார் என் மனைவி. மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. வீடு எழும்ப நெடுங்காலம் சென்றது. ஆனால் ‘ஏலாது’ என்ற சொல் அந்தத் தண்ணீரோடேயே பாதி கரைந்துவிட்டது.

அந்த அனுபவத்தில் நான் கற்றவை சில. ‘ஏலாது’ என மனம் சொன்னால், ‘எது ஏலாது?’ என்று திருப்பிக் கேளுங்கள். கணிதத்தில் ஓர் அலகு விளங்கவில்லை என்பதற்காக ‘நான் மக்கு’ என்றாகிவிடாது. அன்றைக்கே முடிக்கக்கூடிய சிறு வேலையொன்றைத் தொடங்குங்கள். பிள்ளைகளிடம் “நீ உருப்படமாட்டாய்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இன்று எமது வாயிலிருந்து வருவது நாளை அவர்களது உட்குரலாகிவிடும். துயரம் வாரக்கணக்காக உணவையும் உறக்கத்தையும் கெடுத்தால் வைத்தியரை நாடுங்கள். அது குறையன்று.

சந்நிதியிலே கைகூப்பி நிற்கும்போது எமது தேரின் கடிவாளத்தை இறைவனிடம் ஒப்படைக்கிறோம். ஆனால், கண்ணன் தேரோட்டிய போதும் வில்லை எடுத்தவன் அருச்சுனனே என்பதை மறவாதிருப்போமாக. எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் அனைவர்க்கும் துணை நிற்பதாக.