ஒரு பக்க மூக்கடைப்பும் மங்கும் கண்ணும்

குற்றாலத்தில் சீசன் குளியலுக்குப் பிறகு கண் சிவப்பதும் மூக்கடைப்பதும் வழக்கம்தான். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் 3 வாரத்துக்கு மேல் அடைத்து, சளியில் ரத்தம் வந்தால் கவனியுங்கள். பொருள்கள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண் முன்தள்ளுவது, கன்னம் மரத்துப்போவது சேர்ந்துகொண்டால் சொட்டு மருந்தோடு நின்றுவிடாதீர்கள். மூக்கையொட்டிய காற்றறைகளுக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம்போல் மெல்லிய எலும்பு. காற்றறைகளில் வளரும் புற்றுநோய் அந்த எலும்பை அரித்துக்கொண்டு கண்பக்கம் புகுந்துவிடலாம். பீடி, புகையிலைப் பழக்கமுள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கண் மருத்துவரோடு காது-மூக்கு-தொண்டை மருத்துவரையும் பாருங்கள். எலும்பு அரிப்பைக் காட்டுவது சி.டி. ஸ்கேன்; பார்வை நரம்பு, மூளையோரம் வரை பரவியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. தெளிவாகச் சொல்லும். இரண்டும் எழுதிக்கொடுத்தால் வீண்செலவு என்று ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். நோயை உறுதிசெய்வது திசுப் பரிசோதனைதான்.

பேஸ்மேக்கர், உடம்புக்குள் உலோகத் தகடு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை எதுவானாலும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் பழைய ஸ்கேன் படங்களும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். சந்தேகமா? 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். பார்வை திடீரென மங்கினால் மறுநாளைக்கு என்று வைக்காமல் அன்றே கிளம்புங்கள்.