பால்வீதியை வலம்வரும் ஞாயிறு

தேர்த்திருவிழா நாளில் ஆலய வெளிவீதியில் நிகழும் ஒரு காட்சியை அறியாத அடியவர் இலர். அடியார்கள் வடம்பிடித்து இழுக்கத் தேர் அசைகின்றது. தேரின் சில்லு தனது அச்சைச் சுற்றிச் சுழல்கின்றது. சுழலும் சில்லுகளோடு முழுத்தேரும் நான்கு வீதிகளையும் வலம்வந்து இருப்பிடம் சேர்கின்றது. தேரின் பின்னே பிரதட்டை செய்யும் அடியவரும் தம்மைத்தாமே உருட்டிக்கொண்டு அதே வீதியைச் சுற்றி வருகின்றார். தன்னைத்தானே சுற்றுவதும் வேறொன்றைச் சுற்றி வருவதும் ஒரே வேளையில் நிகழக்கூடியவை என்பதை விளங்கிக்கொள்ள இவ்வொரு காட்சியே போதுமானதாகும்.

புவியின் அசைவும் இத்தகையதே. அது தனது அச்சைச் சுற்றி ஒரு நாளில் ஒருமுறை சுழல்கின்றது. இதனால் இலங்கையில் அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவரும் மணித்தியாலத்துக்கு 1,600 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் கிழக்கு நோக்கிக் கொண்டுசெல்லப்படுகின்றார். அதேவேளை புவி செக்கனுக்குச் சுமார் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓராண்டில் சூரியனை ஒருமுறை சுற்றி வருகின்றது. இவ்விரண்டும் பாடசாலையிலே கற்பிக்கப்படுவன. ஆனால் பலரும் எண்ணிப் பார்க்காத மூன்றாவது அசைவு ஒன்றுண்டு. சூரியனும் ஓரிடத்தில் நிலையாக நிற்பதன்று. அது தன் கோள்கள் அனைத்தையும் உடன்கொண்டு மிகப் பெரியதொரு வீதியை வலம்வந்துகொண்டிருக்கின்றது. அவ்வீதியே பால்வீதி ஆகும்.

பால்வீதி என்பது யாது?

நிலவில்லாத தெளிந்த இரவில், மின்விளக்கொளி குறைந்த இடத்தில் நின்று வானை நோக்கினால், வெண்புகை படர்ந்தாற்போல ஒரு நீண்ட பட்டை வானின் குறுக்கே தென்படும். நமது முன்னோர் இதனை ஆகாயகங்கை என்றும் அழைத்தனர். உண்மையில் இது கண்ணாற் பிரித்தறிய முடியாத எண்ணற்ற நட்சத்திரங்களின் ஒளியாகும். சூரியன் உட்பட 10,000 கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்கள் ஒன்றுசேர்ந்த இத்தொகுதி ஒரு கலக்சி ஆகும். இது தட்டையான ஒரு தட்டுப் போன்ற வடிவினது. நடுப்பகுதி தடித்துக் காணப்படும். தட்டிலே சுருள் வடிவக் கைகள் அமைந்துள்ளன. தட்டின் குறுக்களவு சுமார் ஓர் இலட்சம் ஒளியாண்டுகள். ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் செல்லும் தூரமாகும். அது சுமார் 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீற்றர்.

நமது ஞாயிற்றுத் தொகுதி இத்தட்டின் நடுவிலே இல்லை. மையத்திலிருந்து சுமார் 26,000 முதல் 27,000 ஒளியாண்டுகள் தள்ளி, ஓரியன் கை எனப்படும் சிறிய கையொன்றின் பகுதியில் அது அமைந்துள்ளது.

இத்தூரத்தை மனதிற்கொள்ள ஒரு கணக்கைப் பார்க்கலாம். புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான 15 கோடி கிலோமீற்றரை ஒரு மில்லிமீற்றராகச் சுருக்கிக்கொள்வோமாயின், தொலைவிலுள்ள கோளான நெப்டியூன் சூரியனிலிருந்து 3 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். அதாவது கோள்கள் யாவும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சூரியனுக்கு அடுத்துள்ள மிக அண்மைய நட்சத்திரம் சுமார் 270 மீற்றர் தூரத்தில் இருக்கும். பால்வீதியின் மையமோ சுமார் 1,700 கிலோமீற்றருக்கு அப்பால், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து கொல்கத்தா இருக்கும் தூரத்தில் இருக்கும்.

சூரியன் நடுவில் இல்லை என்பது தெரிந்த விதம்

1783 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலாளர், அயலிலுள்ள நட்சத்திரங்களின் சிறு இடப்பெயர்ச்சிகளை ஒப்பிட்டு, சூரியனும் ஒரு திசை நோக்கி நகர்கின்றது எனக் கண்டறிந்தார். அயல் நட்சத்திரங்களோடு ஒப்பிடும்போது அத்திசை அபிஜித் எனப்படும் வேகா நட்சத்திரத்திற்கு அண்மையில் உள்ளது. எனினும் சூரியனே நட்சத்திரத் தொகுதியின் நடுப்பகுதியில் உள்ளது என்னும் எண்ணம் அதன் பின்னரும் நெடுங்காலம் நிலவியது.

1918 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஹார்லோ ஷாப்லி இவ்வெண்ணத்தை மாற்றினார். பந்து வடிவில் நெருங்கியிருக்கும் நட்சத்திரக் கொத்துகளின் தூரங்களை அவர் அளந்தார். அவை வானெங்கும் சமமாகப் பரவியிருக்காமல் தனுசு இராசியின் திசையிலேயே பெருமளவு செறிந்திருந்தன. திருவிழா இரவில் வெளிவீதியின் ஒரு மூலையில் நிற்பவர், விளக்குகள் எல்லாம் ஒரு திசையிலேயே செறிந்திருக்கக் கண்டு கோயில் அப்பக்கம் உள்ளது என்றும் தாம் ஓரத்தில் நிற்பதாகவும் அறிந்துகொள்வார் அல்லவா? ஷாப்லியும் அவ்வாறே அறிந்தார். அவர் கணித்த தூரம் உண்மையிலும் மிகக் கூடியதாக இருந்தது. நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள தூசி, காலைப் பனிமூட்டம் போல் ஒளியை மங்கச் செய்கின்றது என்பதை 1930 ஆம் ஆண்டில் ரொபேட் டிரம்ப்ளர் நிறுவிய பின்னரே தூரங்கள் திருத்தமாயின.

பால்வீதி சுழல்கின்றது என்பதை 1920களின் பிற்பகுதியில் சுவீடனைச் சேர்ந்த பெர்டில் லிண்ட்பிளாட், நெதர்லாந்தைச் சேர்ந்த யான் ஊர்ட் ஆகியோர் நிறுவினர். உள்வீதியில் செல்வோர் விரைவிற் சுற்றி முடிக்க, வெளிவீதியில் செல்வோர் பிந்துவர். அதேபோன்று மையத்திற்கு அண்மையிலுள்ள நட்சத்திரங்கள் சூரியனை முந்துவதையும் வெளியே உள்ளவை பிந்துவதையும் ஊர்ட் 1927 ஆம் ஆண்டில் அளவீடுகளால் எடுத்துக்காட்டினார்.

வேகமும் காலமும்

சூரியன் பால்வீதியின் மையத்தைச் செக்கனுக்குச் சுமார் 230 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகின்றது. ஒரு நாளில் இது ஏறக்குறைய 2 கோடி கிலோமீற்றர் ஆகும். இவ்வளவு வேகத்திற் சென்றும் ஒருமுறை வலம்வர 21 முதல் 23 கோடி ஆண்டுகள் எடுக்கின்றன. சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். ஆகவே அது பிறந்தது முதல் ஏறக்குறைய 20 முறை மாத்திரமே சுற்றியிருக்கும். சென்ற சுற்றின் தொடக்கத்தில் புவியில் டைனோசர்கள் தோன்றிக்கொண்டிருந்தன. மனித இனத்தின் முழு வரலாறும் இச்சுற்றின் ஒரு சிறு துண்டுக்குள் அடங்கிவிடுகின்றது.

இத்துணை வேகம் ஏன் உணரப்படுவதில்லை? சீராக ஓடும் பேருந்தில் கண்ணை மூடியிருப்பவர் வேகத்தை உணர்வதில்லை. தடை போடும்போதும் வளைவிலே திரும்பும்போதுமே உணர்கின்றார். சூரியன் செல்லும் பாதை மிகப் பெரிதாகையால் அதன் வளைவும் மிகச் சிறிதாகும். இவ்வளைவினால் சூரியனின் வேகத்தில் ஏற்படும் மாற்றம், ஓராண்டு முழுவதும் சேர்ந்தும் செக்கனுக்குச் சுமார் 7 மில்லிமீற்றர் மட்டுமே. இந்நுண்ணிய அளவையும் விஞ்ஞானிகள் அளந்துவிட்டனர். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பர் 19 இல் ஏவிய கையா விண்கலம், குவேசார் எனப்படும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மிகத் தொலைவிலுள்ள ஒளிமூலங்களின் நிலைகளை அளந்தது. அதன் பெறுபேறாக இவ்வளவு 2020 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கையா தனது பணியை 2025 ஆம் ஆண்டில் நிறைவுசெய்தது.

சூரியனைப் பிடித்து வைத்திருப்பது எது?

பால்வீதியின் மையத்தில் சூரியனைப் போல் 40 இலட்சம் மடங்குக்கும் அதிகமான திணிவுடைய கருந்துளை ஒன்று உள்ளது. அதனைச் சுற்றும் நட்சத்திரங்களைப் பல ஆண்டுகள் அவதானித்து இதனை நிறுவிய ரைன்ஹார்ட் கென்ஸல், அன்ட்ரியா கெஸ் ஆகியோர் 2020 ஆம் ஆண்டுக்கான பௌதிகவியல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். அக்கருந்துளையின் படமும் 2022 மே 12 இல் வெளியாயிற்று.

இக்கருந்துளையே சூரியனைச் சுற்றச் செய்கின்றது எனப் பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. சூரியனின் பாதைக்கு உட்புறமாகவுள்ள மொத்தத் திணிவு சூரியனைப் போல் ஏறக்குறைய 10,000 கோடி மடங்காகும். அதனோடு ஒப்பிட்டால் கருந்துளையின் பங்கு மிகச் சொற்பம். உட்புறத்திலுள்ள நட்சத்திரங்கள், வாயு, தூசி, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் ஆகிய யாவற்றினதும் ஈர்ப்பு ஒன்றுசேர்ந்தே சூரியனைப் பாதையில் நிறுத்துகின்றது. ஒருவர் மட்டும் இழுத்துத் தேர் அசைவதில்லை. வடத்தில் கைவைத்த அனைவரும் சேர்ந்தே அதனை இழுக்கின்றனர்.

சாய்வும் அசைவும்

கோள்கள் சூரியனைச் சுற்றும் தளம் பால்வீதியின் தளத்தோடு ஒன்றியதன்று. அது சுமார் 60 பாகை சாய்ந்துள்ளது. கைத்தொலைபேசிகளில் உலாவும் சில அசைபடங்கள், சூரியன் முன்னே செல்ல கோள்கள் வால்போலப் பின்னே இழுபட்டுச் செல்வதாகக் காட்டுகின்றன. அது தவறாகும். கோள்கள் சூரியனைச் சுற்றும்போது சில வேளை அதற்கு முன்னாகவும் சில வேளை பின்னாகவும் செல்கின்றன.

தோளிற் சுமந்துவரும் வாகனம் மேலும் கீழும் அசைந்தபடி முன்னேறுவது போன்று, சூரியனும் பால்வீதித் தட்டிற்கு மேலாகவும் கீழாகவும் அசைந்தபடியே சுற்றுகின்றது. 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தட்டின் நடுத்தளத்தைக் கடக்கும். இப்போது நடுத்தளத்திற்கு வடக்கே சில பத்து ஒளியாண்டுகள் தூரத்தில் இருந்து, செக்கனுக்குச் சுமார் 7 கிலோமீற்றர் வேகத்தில் மேலும் விலகிச் செல்கின்றது.

மார்கழியும் வீண் அச்சமும்

2012 டிசம்பர் 21 இல் உலகம் அழியும் என்ற வதந்தி உலகின் பல நாடுகளிலும் பரவியது. அன்று புவியும் சூரியனும் பால்வீதியின் மையமும் ஒரே கோட்டில் வரும் என்றும், சூரியன் பால்வீதித் தளத்தைக் கடக்கும் என்றும் காரணங் கூறப்பட்டது. பிள்ளைகளும் முதியோரும் இதனால் அஞ்சினர். அந்நாள் ஏனைய நாட்களைப் போன்றே கழிந்தது.

மேலே கூறியவற்றை அறிந்தவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சூரியன் தளத்தைக் கடந்து பல இலட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. மீண்டும் கடக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளன. புவியிலிருந்து பார்க்கும்போது சூரியன் பால்வீதி மையத்தின் திசைக்கு வருவதோ ஆண்டுதோறும் நிகழ்வது. அதுவும் மார்கழி மாதத்தின் முதல் வாரத்திலே நிகழ்கின்றது. அப்போதும் மூன்றும் சரியான நேர்கோட்டில் வருவதில்லை. சூரியன் மையத்துக்கு வடக்கே சுமார் 6 பாகை விலகியே செல்கின்றது. திருவெம்பாவைப் பூசை நடைபெறும் காலத்தை அண்டி ஒவ்வோர் ஆண்டும் இது நிகழ்ந்தும் எவருக்கும் எத்தீங்கும் நேர்ந்ததில்லை. இனியும் விண்ணைக் காட்டி அச்சமூட்டும் செய்திகள் வரக்கூடும். அவற்றைப் பிறருக்கு அனுப்புமுன் இக்கணக்குகளை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

ஆடி மாதத்து முன்னிரவு

பால்வீதியின் மையத் திசையைக் காண ஏற்ற காலம் ஆனி, ஆடி மாதங்களாகும். ஆடி மாதத்தில் நிலவில்லாத நாளொன்றில் இரவு 9 மணியளவில் தெற்கு வானை நோக்கினால், தேளின் உருவில் விருச்சிகம் தோன்றும். அதன் செந்நிற நட்சத்திரமே கேட்டை. வால்நுனியில் உள்ளது மூலம். அவ்வாலுக்குச் சற்று மேலே, கிழக்குப் பக்கமாகப் பால்வீதி செறிந்து தோன்றும் இடமே மையத்தின் திசையாகும். தூசி மறைப்பதனால் மையத்தைக் கண்ணாற் காண முடியாது. திசையை மட்டுமே அறியலாம்.

அவ்வாறே வடகிழக்கு வானை நோக்கித் திரும்பினால், அடிவானிலிருந்து ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உயரத்தில் தெனெப் என்னும் வெண்ணிற நட்சத்திரம் தென்படும். சூரியன் தன் வலப்பாதையில் இப்போது சென்றுகொண்டிருப்பது ஏறத்தாழ அந்நட்சத்திரத்தின் திசையிலேயாகும். எனினும் தெனெப்பும் மையத்தைச் சுற்றியே செல்வதனால் சூரியன் அதனை அடையப் போவதில்லை.

ஓராண்டு கழிந்து அதே நட்சத்திரத்திலோ திதியிலோ ஆலயத்தில் மீண்டும் கொடியேறுகின்றது. சூரியனைப் பொறுத்தவரை புவி ஏறக்குறைய பழைய இடத்திற்கே வந்துவிட்டது. பால்வீதியைப் பொறுத்தவரை அவ்வாறன்று. சென்ற ஆண்டுக் கொடியேற்றத்திற்கும் இவ்வாண்டுக் கொடியேற்றத்திற்கும் இடையில் கோயிலும் குளமும் ஊரும் ஊரவரும் சூரியனோடு சேர்ந்து 700 கோடி கிலோமீற்றருக்கும் அதிக தூரம் கடந்து வந்துள்ளனர். திருவிழா முடிந்து விளக்குகள் அணைந்த பின், வீட்டுக்குச் செல்லுமுன் பிள்ளைகளை வீதியில் சிறிது நேரம் நிறுத்தி, மையம் இருக்கும் திசையையும் செல்லும் திசையையும் பெரியோர் சுட்டிக்காட்டுவாராயின், அப்பிள்ளைகள் அதனை ஆயுள் முழுவதும் மறவார்.