மாங்கனீசு எஃகு

திருமானூரை அடுத்தோடும் கொள்ளிடத்தில் ஒருகாலத்து இரும்புக்கல் ஏற்றிய பரிசல்கள் சென்றன என்றால் நம்மவருள் நம்புவார் சிலரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்ட ஹீத் துரை 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார்; அதற்கு வேண்டிய கல், சேலத்திலிருந்து காவிரி, கொள்ளிடம் வழியாகவே சென்றது. ஆலை நட்டத்தில் ஆழ்ந்தது. பின்னர் இங்கிலாந்தில், உருக்குங்கால் சிறிது மாங்கனீசு சேர்ப்பின் எஃகு நன்னிலை பெறும் என்று காட்டி அவர் 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு ஆலைக்காரர் அம்முறையைச் சற்றே மாற்றிக் கைக்கொண்டு செல்வரானார்கள்; ஹீத்தோ வழக்காடியே 1851-இல் மாண்டார். நியாயம் எப்பக்கம் என்பதை வக்கீல்களுக்கு விட்டுவிடுவோம்.

அதே நகரத்தில் 1882-இல், இளைஞரான ராபர்ட் ஹாட்பீல்டு மாங்கனீசின் அளவை மிகுத்துப் பார்த்தார். நூற்றுக்கு 5 பங்கு சேர்த்தபோது எஃகு சம்மட்டியால் பொடியாயிற்று. பிறர் அத்தோடு கைவிட்டிருப்பர். அவர் 12, 13 பங்கு வரை சென்றார். கரி 1 பங்கிற்குச் சற்று மேல். இக்கலவையை ஏறக்குறைய 1,050 டிகிரி செண்டிகிரேடுக்குக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினார். சாதாரணக் கரி எஃகு இவ்வாறு செய்யின் கடினப்பட்டு எளிதில் முறியும். இதுவோ இளகி, முறியாத் திண்மை பெற்றது. யாது காரணம் எனின், மெல்ல ஆறுங்கால் கரிச்சேர்க்கைகள் உலோக மணிகளின் எல்லைகளிற் படிந்து அவற்றைப் பிரிக்கின்றன. திடீரெனக் குளிரின் அதற்கு அவகாசமில்லை. காந்தமும் இதனைப் பற்றாது.

அடிபடுந்தோறும் இதன் மேற்புறம் இறுகும். பிரினெல் அளவில் 200 ஆயிருந்த கடினம் பலத்த அடிகளால் 500 வரை உயரும். உட்புறம் இளகியே நிற்கும். ஆதலின் ரெயில்பாதைச் சந்திப்புகளுக்கும் கல்நொறுக்கிகளின் தாடைகளுக்கும் இது ஏற்றதாயிற்று.

செய்வோர்க்கு இடர்கள் பல. மாங்கனீசு ஆக்சைடு, மணற்சத்துள்ள உலைச்சுவரை அரித்துவிடும். எனவே மாக்னசைட் செங்கல் வேண்டும். அதற்குரிய வெள்ளைக்கல் நம் சேலத்திலேயே உள்ளது. கடைசல் கருவியும் இவ்வெஃகில் எளிதிற் செல்லாது. வேண்டிய வடிவிலேயே வார்த்துச் சாணையிற் தீட்டுவர்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கருங்கல்லைப்போல் வலிதன்று. அடி இலேசாயின் மேற்புறம் இறுகாது. இறுகாத மாங்கனீசு எஃகு உராய்வில் விரைந்து தேயும். பெயரை மட்டும் நம்பி எவ்விடத்தும் இதனைப் பொருத்துவோர் பொருளிழப்பர். 2 பங்கு குரோமியம் சேர்ப்பின் தொடக்கத்திலேயே ஓரளவு உறுதி கூடும். மணல் உராயும் சரிவுகளுக்குக் குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பே நெடுநாள் நிற்கும். ஆனால் பெருங்கல் விழுமிடத்து அது பிளந்துபோம்.