எக்ஸ் கதிர்களுக்கு ஓர் ஆடி

முகம் பார்க்கும் ஆடியின்மீது நேராக விழும் எக்ஸ் கதிர் திரும்பி வருவதில்லை, உட்சென்று உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இக்கதிர்களுக்கு எல்லாப் பொருள்களின் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றை ஒட்டியே இருப்பதுதான் காரணம். பரப்பை உரசிச் செல்லுமாறு மிகச் சிறிய சாய்வில் விழும்போது மட்டுமே அவை நன்கு எதிரொளிக்கப்படும். 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட 'ஆஸ்ட்ரோசாட்' செயற்கைக்கோளின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இம்முறையில் அமைந்ததாகும். அதில் தங்கம் பூசிய மெல்லிய தகடுகள் ஒன்றனுள் ஒன்றாக 40 கூடுகளாய்ப் பொருத்தப்பட்டன.

நேராக விழும் கதிரைத் திருப்புவதற்குப் பல்லடுக்குப் படலம் தேவை. இத்தகைய படலத்தை ஸ்பில்லர் என்னும் அறிவியலாளர் 1972-இல் முன்மொழிந்தார். கனமான தனிமம் ஒன்றும் இலேசான தனிமம் ஒன்றும் மாறி மாறிப் படியவைக்கப்படுகின்றன. ஒவ்வோர் எல்லையும் கதிரின் மிகச் சிறு பகுதியையே திருப்பும். ஆயினும் ஓர் இணையின் தடிமன் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக இருப்பின், திரும்பும் அலைகள் யாவும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மென் எக்ஸ் கதிர்களை ஒட்டிய 13.5 நானோமீட்டர் அலைநீளத்திற்கு மாலிப்டினம்-சிலிக்கன் இணையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர் ஆகும். இத்தகைய 40 அல்லது 50 இணைகள் விழும் ஒளியில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைத் திருப்புகின்றன.

இந்த அலைநீளத்தைக் கொண்டே இன்று மிக நுண்ணிய கணிப்பொறிச் சில்லுகள் அச்சிடப்படுகின்றன. கூட்டுவட்டிக் கணக்கு அறிந்தோர் இங்குச் சற்று நிற்க வேண்டும். பத்து ஆடிகளைக் கடக்கும் ஒளி, ஒவ்வொன்றும் 70 விழுக்காடு திருப்பினால், இறுதியில் 2.8 விழுக்காடாகக் குறைகிறது. ஒவ்வோர் ஆடியின் திறனும் 65 விழுக்காடாயின் எஞ்சுவது 1.3 விழுக்காடே. ஆடிக்கு ஐந்து புள்ளி குறைந்தால் பயன் பாதிக்கும் கீழாகிவிடுகிறது! விலை மிகுந்த இயந்திரத்தின் உற்பத்தித்திறன், கண்ணுக்குத் தெரியாத இப்பூச்சின் தரத்தில் அடங்கியுள்ளது.

தரத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, எல்லைகளின் சொரசொரப்பு. இது ஓர் அணுவின் அளவை விஞ்சினாலே இழப்பு தொடங்கும். மற்றொன்று, அடுத்தடுத்த பொருள்கள் எல்லையில் கலந்து சேர்மமாவது. இதைத் தடுக்க இடையே போரான் கார்பைடின் மிக மெல்லிய அரண் இடுவதுண்டு. வெற்றிட அறையில் ஆர்கான் அயனிகளால் ஓர் உலோகத்தட்டைத் தாக்கி, சிதறும் அணுக்களை மெருகேற்றிய அடித்தளத்தின்மீது படியவிடுவது வழக்கமான முறையாகும். பொறுமை மிகவும் வேண்டிய பணி இது.

இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் இப்பூச்சுகள் உருவாக்கப்படுகின்றன. படலத்தை உருவாக்குவோர், 1999-இல் இயங்கத் தொடங்கிய 'இண்டஸ்-1' ஒத்தியங்கு கதிர்வீச்சு நிலையத்திலேயே அதன் எதிரொளிப்பை அளந்துகொள்ள முடிவது பெரும் வசதியாகும். அங்குள்ள 'இண்டஸ்-2' 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்கொண்டது. அதற்கு டங்ஸ்டன், போரான் கார்பைடு அடுக்குகள் பொருத்தமானவை. இவ்விரு நிலையங்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் திறந்துள்ளன. பாலக்காட்டை அடுத்த சித்தூரிலோ இடுக்கியின் மறையூரிலோ தமிழ்வழி பயின்று இயற்பியலில் ஆய்வு மேற்கொள்ளும் ஒருவரும் தம் பல்கலைக்கழகத்தின் வழியாக அளவீட்டு நேரம் கோரலாம்.