முதல் இரண்டு நிமிடம்

பி.எட். படித்தபோது நுண்ணிலைக் கற்பித்தலில் பாடம் தொடங்கும் திறனைச் செய்து காட்டி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் அது மறந்துபோகிறது. நுழைந்ததும் 'வணக்கம் ஐயா' கோரஸ், உட்காரச் சொல்லி ஒரு கையசைப்பு, வருகைப் பதிவு, 'நேத்து எதுல விட்டோம்?'. இதற்குள் கடைசி பெஞ்சில் புக் கிரிக்கெட் இரண்டு விக்கெட்டைத் தாண்டியிருக்கும்.

நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் உங்களை எடைபோட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசந்தாலுடன் சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு இது: ஹார்வர்டில் வகுப்பெடுத்தவர்களின் 10 விநாடி வீடியோத் துண்டுகள் சிலவற்றை, ஒலியை நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண், பருவ முடிவில் அந்த ஆசிரியர்களின் மாணவர்களே போட்ட மதிப்பெண்ணோடு பெரிதும் ஒத்துப்போனது. ஆசிரியரை எவ்வளவு பிடித்தது என்பதற்கான கணக்கு இது. எவ்வளவு கற்றார்கள் என்பது வேறு கணக்கு. ஆனாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நுழைபவர் அந்த நாளைக் கடனோடுதான் தொடங்குகிறார்.

அதனால் வாசலில் நில்லுங்கள். உள்ளே வரும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'காய்ச்சல் விட்டுச்சாப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அமெரிக்காவில் 10 நடுநிலை வகுப்பறைகளில் இதைப் பயிற்சியாகச் செய்து பார்த்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாடத்தில் ஈடுபடும் நேரம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, தொந்தரவும் குறைந்தது. நம் பள்ளிகளில் பிள்ளைகள் அறை மாறுவதில்லை, ஆசிரியர்தான் மாறுகிறார். ஆகவே காலை முதல் பீரியடிலும் மதிய இடைவேளைக்குப் பிறகும்தான் இது சரிப்படும். மற்ற நேரங்களில் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு நடை போய்வாருங்கள்.

அடுத்தது முதல் வாக்கியம். ஆறாம் வகுப்பில் நீராவி நீராவது பற்றிப் பாடம் என்று வையுங்கள். 'புத்தகத்தை எடுங்க' என்பதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்:

'இட்லிப் பானை மூடியைத் திறந்தா உள்பக்கம் தண்ணி சொட்டுதே, அதை யார் அங்க ஊத்துனா?'

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமான பகுதி இதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து பார்த்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது வகுப்பில் நிற்பவருக்கு ஒரு யுகம். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

'அடியில இருக்கிற தண்ணிதான் மிஸ்.'

'அது கீழல்ல கிடக்கு? மேல எப்படிப் போச்சு?'

உடனே சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். தங்கள் பதிலை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் வருகைப் பதிவை முடித்துவிடலாம்.

விட்டொழிக்க வேண்டிய தொடக்கங்களும் உண்டு. 'இது ரொம்பக் கஷ்டமான பாடம்' என்றால் பாதிப் பேர் அப்போதே புத்தகத்தை மூடிவிடுவார்கள். 'போன வருஷப் பசங்க உங்களைவிட எவ்வளவோ மேல்' என்பதைப் போன வருடப் பசங்களும் கேட்டிருக்கிறார்கள்.

'முதல் மாசம் சிரிக்காதீங்க சார், தலைமேல ஏறிடுவாங்க' என்று ஆசிரியர் அறையில் ஒரு மூத்தவர் சொல்லுவார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜேக்கப் கூனின் 1970இல் எழுதிய நூலில் காட்டியது, வகுப்பைக் கட்டிக்காத்தவர்கள் திட்டுவதில் மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை என்பதைத்தான். எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது தமக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்கு உணர்த்தினார்கள், குழப்பம் வளரும் முன்பே தடுத்தார்கள். சிரித்த முகத்தோடே இதைச் செய்யலாம். டஸ்டரால் மேசையைத் தட்டுகிற வேலை மிச்சம்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் கண் சொருகும். 'ஆமாங்கிறவங்க ஜன்னல் பக்கம், இல்லைங்கிறவங்க கதவுப் பக்கம்' என்று எழுப்பி நிற்கவையுங்கள். தொண்டை கட்டிய நாளில் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஓரமாக நின்றாலே போதும், அவர்களே சத்தமாக வாசித்துவிடுவார்கள்.