விஞ்ஞானப் பாடத்தைத் திருப்பிப் படிக்கும் முறை

நம் சங்க அங்கத்தினர் இல்லங்களில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவிருக்கும் மாணாக்கர் பலர் உளர். பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றவும், மாட்டுக்குத் தீவனம் வைக்கவும் வேண்டியுள்ள இச்சிறுவர் சிறுமியருக்குப் படிப்பதற்கெனக் கிடைப்பது இரவில் ஒன்றிரண்டு மணி நேரமே. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வசதியும் பலருக்கு இல்லை. ஆகவே, கிடைக்கும் சிறு பொழுதை எவ்வாறு செலவிட்டால் மிகுந்த பயன் விளையும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பெரும்பாலோர் புத்தகத்தை விரித்து வைத்து, ஒரே பாடத்தை ஐந்தாறு முறை உரக்க வாசிக்கின்றனர். வாசிக்க வாசிக்க வரிகள் பழகிவிடுகின்றன. அப்பழக்கத்தையே அறிவென்று மனம் மயங்குகிறது. பரீட்சை மண்டபத்திலோ புத்தகம் இராது. நினைவிலிருந்து எடுத்து எழுதும் ஆற்றலே அங்கு துணை நிற்கும். அவ்வாற்றலை முன்கூட்டியே பழக்குவதுதான் முறை.

1. புத்தகத்தை மூடி எழுதுதல்

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளநூல் வல்லுநர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மாணாக்கர் இரு பகுதிகளைப் படித்து, ஒன்றை மீண்டும் வாசித்தனர். மற்றதைப் பாராமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்த பகுதியே நன்கு நினைவிலிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, வாசித்ததில் நூற்றுக்கு 42 பங்கும், எழுதியதில் 56 பங்கும் நினைவில் நின்றன.

எனவே, இதயத்தின் படத்தைப் பத்து முறை பார்ப்பதினும், புத்தகத்தை மூடிவிட்டு நான்கு அறைகளையும் வால்வுகளையும் வரைந்து பெயரிடுவதே மேல். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டவற்றை வேறு நிற மையால் திருத்துக. மறுநாள் அந்நிறம் காணும் இடங்களையே முதலிற் படிக்க.

2. இடைவெளி விட்டுப் படித்தல்

ஏரி நீர் முழுவதையும் ஒரே நாளில் பாய்ச்சினால் பயிர் ஏற்குமா? முறை வைத்துப் பாய்ச்சுவதன் பயனை நம் விவசாயிகள் அறிவர். படிப்பும் அத்தகையதே. எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்ட நூலில், ஒரே நாளில் 68 முறை ஓதியதன் பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியே பெற்றதாகக் காட்டினார். ஒரு பாடத்தைப் படித்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திருப்பிப் பார்ப்பது நலம்.

3. கணக்குகளைக் கலந்து செய்தல்

ஓம் விதிக் கணக்குகளை மட்டும் ஒரே மூச்சில் இருபது செய்வதால், எந்தச் சூத்திரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் வருவதில்லை. 12 வோல்ட் மின்னழுத்தமும் 4 ஓம் மின்தடையும் தரப்பட்டால் மின்னோட்டம் 3 ஆம்பியர் என்பது எளிது. ஆனால் அதற்கு முன்னே ஒரு லென்ஸ் கணக்கும், பின்னே ஒரு விசைக் கணக்கும் வரும்போதுதான் சோதனை. கன அளவுக் கணக்குகளைக் கொண்டு ரோரர், டெய்லர் என்போர் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வாரத்திற்குப் பின் கலந்து பழகியவர் நூற்றுக்கு 63 பங்கும், வகை வகையாய்ப் பழகியவர் 20 பங்குமே சரியாகச் செய்தனர்.

4. ஏன் என்று கேட்டல்

உளுந்து விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பது ஏன்? வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால். உவர் நிலத்தில் நீர் இருந்தும் செடி வாடுவது ஏன்? சவ்வூடு பரவலால் நீர் வேருக்குள் புகுவது தடைப்படுவதால். பழுப்பு நூலைச் சலவைத்தூள் வெளுப்பது எவ்வாறு? இவ்வாறு வீட்டுத் தொழிலோடு பிணைத்த பாடம் எளிதில் மறவாது.

பெற்றோர் கடமை

எழுத்தறியாத பெற்றோரும் இதில் உதவலாம். “இன்று படித்ததை எனக்குச் சொல்” என்று நாள்தோறும் கேட்டால் போதும். தறியில் இழை அறுந்த இடம் நெசவாளர் கண்ணுக்குத் தப்பாதது போல, பிள்ளை தயங்கி நிற்கும் இடமும் கேட்போர் செவிக்குத் தப்பாது. அவ்விடமே மீண்டும் படிக்க வேண்டியது.

இரவு முழுதும் கண்விழிக்கச் செய்தலும் தகாது. படித்தது நினைவில் ஊன்றுவதற்கு உறக்கம் இன்றியமையாதது. பரீட்சைக்கு முந்திய பதினைந்து நாளேனும் பிள்ளைகளின் கைவேலையை வீட்டிலுள்ள பெரியோர் பகிர்ந்து கொள்வாராக. அதனால் நெசவு சில முழம் குறையக்கூடும். கூலி குறைவது எளிய குடும்பத்துக்குச் சிறு இழப்பன்று என்பதை நாம் அறிவோம். எனினும், பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுமா, மேலே தொடருமா என்பது அந்நாட்களைப் பெரிதும் பொறுத்ததாகையால், அவ்விழப்பை ஏற்பதே தகும்.